கடலில் தொடங்கி மலையேறுதல்: பெரு, பொலிவியா ஊர்களில் நண்பருடன் முதுகுப்பைப் பயணம் செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

தென் அமெரிக்காவுக்கு முதன்முறையாகக் கிளம்புகிறவர்கள் எந்தெந்த ஊர்களைப் பார்ப்பது என்று பட்டியல் போடுவதிலேயே பல வாரங்களைச் செலவிட்டுவிடுகிறார்கள். பெரு, பொலிவியா ஆகிய நாடுகளைப் பொறுத்தவரை ஊர்ப் பட்டியலைவிட ஊர்களின் வரிசையே முக்கியம். லிமாவில் இறங்கிய கையோடு உள்நாட்டு விமானம் பிடித்துக் குஸ்கோவுக்குப் போகிறவர், ஒன்றேகால் மணி நேரத்தில் கடல் மட்டத்திலிருந்து 3,399 மீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறார். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். முதல் இரண்டு நாள்களைத் தலைவலியோடு விடுதிக் கட்டிலில் கழித்துவிட்டு, மூன்றாம் நாள் அரைமனதோடு மச்சு பிச்சு என்னும் இன்கா மலைநகரத்துக்குப் போய்த் திரும்பியவர்கள் ஏராளம். அதே குஸ்கோவைக் கடற்கரை வழியாகவும் அரெகிபா வழியாகவும் பேருந்தில் பத்து நாள் எடுத்துக்கொண்டு சென்றடைகிறவருக்கு உடம்பு தானாகவே பழகிவிடுகிறது.

நானும் என் நண்பரும் 32 நாள்களில் சென்று வந்த வழி இது: லிமா, பராக்காஸ், நாஸ்கா, அரெகிபா, கோல்கா பள்ளத்தாக்கு, குஸ்கோ, ஒயந்தாய்தம்போ, மச்சு பிச்சு, புனோ, கோபகபானா, லா பாஸ், பிறகு மலையிலிருந்து ஒரே நாளில் இறங்கிச் சிலியின் கடற்கரை நகரமான அரிகா, அங்கிருந்து மீண்டும் பெரு. கடலில் தொடங்கிக் கடலில் முடியும் இந்த வட்டத்தை நான்கு வாரத்துக்குக் குறைவான நாள்களில் சுற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று வாரம்தான் கிடைக்கும் என்றால் பொலிவியாவை விட்டுவிட்டுப் பெருவை மட்டும் பார்ப்பது நல்லது.

முதல் படி: இருவரும் உட்கார்ந்து பேசுவது

பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது பணம். ஒவ்வொரு தேநீருக்கும் யார் கொடுத்தார்கள் என்று கணக்கெழுதத் தொடங்கினால் பத்தாவது நாளில் முகம் கொடுத்துப் பேச முடியாமல் போகும். நாங்கள் செய்தது எளிது. ஒரு சிறிய துணிப்பையில் இருவரும் சம அளவு பணம் போட்டு, தங்குமிடம், உணவு, பேருந்து, நுழைவுக் கட்டணம் நான்கையும் அதிலிருந்து மட்டுமே கொடுத்தோம்; பை காலியானால் மீண்டும் சமமாகப் போட்டோம். கம்பளிச் சட்டை, பரிசுப் பொருள், கூடுதல் காப்பி எல்லாம் அவரவர் சொந்தப் பணம். பையை வாரத்துக்கு ஒருவர் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டதால் செலவு எவ்வளவு ஆகிறது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டாவது வேகம். மலையில் இருவரில் யாருடைய மூச்சு முதலில் வாங்குகிறதோ அவருடைய வேகமே இருவரின் வேகம் என்று ஊரிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். உயரத்தில் யாருக்கு ஒத்துக்கொள்ளும், யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை வயதோ உடற்பயிற்சியோ முன்கூட்டிச் சொல்வதில்லை. தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிற என் நண்பர் குஸ்கோவில் மாடிப்படி ஏறத் திணறினார். ஓடிப் பழக்கமே இல்லாத எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாவது தனிமை. வாரத்தில் ஒரு நாள் காலையில் பிரிந்து மாலையில் சந்திப்பது என்று வைத்துக்கொண்டால், அன்றிரவு பேசுவதற்குப் புதிதாக ஏதாவது இருக்கும்.

இரண்டாம் படி: பருவத்தைத் தேர்ந்தெடுப்பது

மலைக்கும் கடற்கரைக்கும் பருவம் நேரெதிரானது என்பதே இந்த வழியில் உள்ள சிக்கல். ஆண்டீஸ் மலைப்பகுதியில் மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். வானம் தெளிந்திருக்கும், இரவில் உறைபனி விழும். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை, மண்சரிவு. இன்கா பாதை என்று அழைக்கப்படும் நான்கு நாள் நடைவழி பிப்ரவரி முழுவதும் பராமரிப்புக்காக மூடப்பட்டிருக்கும். லிமாவிலோ டிசம்பர் முதல் மார்ச் வரைதான் வெயில் காலம். ஜூன் முதல் அக்டோபர் வரை கரூவா என்னும் மெல்லிய தூறல் மூட்டம் நகரத்தின் மேல் சாம்பல் நிறப் போர்வையாகப் படிந்துவிடும். தெற்கிலிருந்து கடலில் வரும் ஹம்போல்ட் குளிர்நீரோட்டமே இதற்குக் காரணம். அதே நீரோட்டம்தான் இந்தக் கடலை மீன்வளம் மிக்கதாகவும் கரையைப் பாலைவனமாகவும் வைத்திருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஏப்ரல் பிற்பகுதி, மே, செப்டம்பர் ஆகியவையே என் தேர்வு. ஜூன் 24 அன்று குஸ்கோவில் நடக்கும் இந்தி ராய்மி என்னும் சூரியத் திருவிழாவைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் கூட்டத்துக்கும் விலையேற்றத்துக்கும் தயாராகப் போக வேண்டும்.

மூன்றாம் படி: தாள்களும் தடுப்பூசியும்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குப் பெரு செல்ல விசா தேவை. ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஒன்றின், குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகும் விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ இருந்தால் 2017 முதல் விலக்கு உண்டு. பொலிவியாவுக்கும் சிலிக்கும் தனித்தனி விதிகள். இவை அடிக்கடி மாறுபவை ஆகையால் விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் அந்தந்தத் தூதரகத்தில் எழுத்துமூலம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். இந்த வழியில் பெருவுக்குள் இரண்டு முறை நுழைகிறோம் என்பதை மறக்கக் கூடாது. விசா எடுக்கிறவர்கள் பலமுறை நுழைவுக்கான விசாவையே கேட்டுப் பெற வேண்டும். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. அமெரிக்கா வழியாகச் செல்லும் விமானங்கள் சில நேரம் மலிவாகத் தெரியும். ஆனால் விமானம் மாறுவதற்குக்கூட அந்நாட்டு விசா தேவை என்பதால், அது இல்லாதவர்கள் ஐரோப்பா அல்லது பிரேசில் வழியை நாட வேண்டும். அங்கும் மாறிச் செல்வதற்கான விதியைப் பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும்.

நம்மவர்களுக்கு மட்டும் வரும் ஒரு தொல்லை பெயர். முன்னெழுத்தோடு பழகிய நமக்குக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்ப் பகுதி வெறுமையாக இருப்பது வழக்கம். ஸ்பானிய மொழி நாடுகளிலோ ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள். படிவத்தில் அப்பெயிதோஸ், அதாவது குடும்பப் பெயர்கள் என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது. விமானம், ரயில், மச்சு பிச்சு நுழைவுச் சீட்டு எல்லாவற்றிலும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளை ஒரே முறையில் பிரித்து எழுதி, அந்த முறையைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகவும் இன்னொன்றில் முன்னெழுத்தாகவும் எழுதிவிட்டு வாசலில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பது வீண் வேலை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை இந்த வழிக்குத் தேவையில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பெருவின் கடற்கரையிலும் உயர்மலையிலும் அந்த நோய் இல்லை என்பது உண்மைதான். அது அமேசான் காட்டுப்பகுதியின் நோய். ஆனால் இந்தியா நாட்டைத்தான் கணக்கில் எடுக்கிறது, ஊரை அல்ல. பெரு, பொலிவியா போன்ற நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் திரும்புகிறவர்களை 6 நாள்கள் வரை தனிமைப்படுத்த விதியில் இடமுண்டு. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதன் பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு ஆய்வு நிலையத்தில் இந்த ஊசி போடப்படுகிறது.

நான்காம் படி: பையைக் கட்டுவது

ஒருவருக்கு 40 முதல் 45 லிட்டர் கொள்ளும் முதுகுப்பை ஒன்று போதும். நிரப்பிய பிறகு எடை 9 கிலோவைத் தாண்டக் கூடாது. பகலில் அரைக்கைச் சட்டையும் இரவில் கம்பளியும் தேவைப்படும் நிலம் என்பதால், ஒரே தடித்த குளிர்ச்சட்டையைவிட ஒன்றன்மேல் ஒன்றாக அணியக்கூடிய நான்கு மெல்லிய உடைகளே உதவும். கையுறை, குல்லாய், கம்பளிக் காலுறை ஆகியவற்றைச் சுமந்து செல்ல வேண்டியதில்லை. அரெகிபாவிலும் குஸ்கோவிலும் சந்தையில் அல்பாகா கம்பளியில் கிடைக்கும். வெயில் தடுப்புக் களிம்பும் அகன்ற விளிம்புத் தொப்பியும் கட்டாயம். குளிர்கிறதே என்று வெயிலை அசட்டை செய்தால் மூன்றாம் நாள் மூக்கின் தோல் உரியும்.

இருவராகப் போவதன் லாபம் பை கட்டும்போதே தெரிந்துவிடும். மருந்துப் பெட்டி, செருகி மாற்றி, பூட்டு, துவைக்கும் சோப்பு, கையேடு ஆகியவை இருவருக்கும் ஒன்றே போதும். நம் ஊர் மூன்று முள் செருகிகள் அங்குள்ள சுவர்த் துளைகளில் பொருந்தா. மின்னழுத்தம் 220 வோல்ட் என்பதால் மின்மாற்றி தேவையில்லை, செருகி மாற்றி போதும். கழிப்பறைத் தாள் எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். பயன்படுத்திய தாளைக் குழிக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில் போடுவதே அங்கு வழக்கம்.

பணத்தை அமெரிக்க டாலராகவும், வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்ட இரண்டு வெவ்வேறு வங்கி அட்டைகளாகவும் எடுத்துச் செல்லலாம். டாலர் நோட்டில் ஓரத்தில் நகமளவு கிழிசல் இருந்தாலும் வாங்க மாட்டார்கள். பெருவில் சோல், பொலிவியாவில் பொலிவியானோ, சிலியில் பேசோ. சென்சியோ என்று அவர்கள் சொல்லும் சில்லறைக்கு எங்கும் தட்டுப்பாடுதான். பெரிய கடையில் பெரிய நோட்டை மாற்றிச் சிறிய கடைக்குச் சில்லறை சேர்ப்பது தினசரி வேலை ஆகிவிடும்.

ஐந்தாம் படி: கடற்கரை – லிமா முதல் நாஸ்கா வரை

லிமாவில் இரண்டு இரவுகள் போதும். நேர வேறுபாடு பத்தரை மணி நேரம்; முதல் நாள் தூக்கம் கலைந்தே இருக்கும். மிராஃப்ளோரெஸ் பகுதியில் கடலை நோக்கிய செங்குத்துப் பாறையின் மேல் நீளும் நடைபாதையில் நடந்து பர்ராங்கோ வரை போகலாம். மதிய உணவுக்கு மெனு என்று எழுதிய பலகையைத் தேட வேண்டும். சூப்பும் ஒரு முதன்மை உணவும் ஒரு பானமும் சேர்த்து ஒரே விலை, சாதாரண இடங்களில் 10 முதல் 20 சோலுக்குள் முடியும். பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த செவிச்சேயை மதியத்தில் மட்டுமே உண்ண வேண்டும் என்பது அந்த ஊர்க்காரர்களின் பழக்கம். காலையில் வந்த மீன் மாலை வரை காத்திருக்கக் கூடாது என்பது அவர்கள் கருத்து. வயிற்றுக்கும் அது நல்லது.

லிமாவுக்குத் தெற்கே பான்-அமெரிக்க நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரத்தில் பராக்காஸ். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் மணல், நடுவில் சாலை. பையெஸ்தாஸ் தீவுகளுக்குப் படகில் போவதைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். பிற்பகலில் மணலை வாரிக்கொண்டு காற்று வீசத் தொடங்கிவிடும். தீவுகளில் இறங்க அனுமதி இல்லை. ஹம்போல்ட் பென்குவின்களும் கடற்சிங்கங்களும் படகுக்கு வெகு அருகில் தெரியும்; அவற்றுக்கு முன்பே நாற்றம் வந்துவிடும். அது குவானோ என்னும் பறவை எச்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருவின் கருவூலத்தை நிரப்பியது இந்த உரம்தான் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த வெள்ளைப் பாறைகள் வேறு மாதிரி தெரியும்.

வழியில் இக்கா அருகே மணல்மேடுகள் சூழ்ந்த வாக்காச்சினா சோலை இருக்கிறது. ஒரு மாலை போதும். அங்கு தங்குவதைவிட நாஸ்கா நோக்கிப் போவது மேல்.

பாலைவனத் தரையில் பெரிய உருவங்களாக வரையப்பட்ட நாஸ்கா கோடுகளைப் பார்க்கச் சிறிய விமானம் உண்டு. அது வளைந்து வளைந்து பறக்கும். வயிறு கலங்குகிறவர்கள் காலை உணவைத் தவிர்க்க வேண்டும். செலவைக் குறைக்க விரும்புகிறவர்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ள பார்வைக் கோபுரத்தில் ஏறலாம். ஜெர்மனியில் பிறந்து தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்தக் கோடுகளை அளப்பதிலும் காப்பதிலும் கழித்த மரியா ரைக்கே கட்டச் செய்த கோபுரம் அது. அங்கிருந்து சில உருவங்களே தெரியும். ஆனால் அந்தக் கோடு ஒரு சாண் ஆழம்கூட இல்லாத, கல்லை விலக்கிய வெறும் தடம் என்பதும், மழை இல்லாத ஒரே காரணத்தால் அது ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் நிற்கிறது என்பதும் அருகிலிருந்து பார்க்கும்போதுதான் உறைக்கும்.

நாஸ்காவிலிருந்து அரெகிபாவுக்கு இரவுப் பேருந்து, ஒன்பது பத்து மணி நேரம். இருக்கையில் செமி-காமா என்றால் பாதி சாயும், காமா என்றால் ஏறக்குறைய படுக்கை. நீண்ட மலைச்சாலையில் விலை குறைந்த பேருந்தைத் தேடுவது தவறான சிக்கனம். ஓட்டுநர் இருவர் இருக்கும் நல்ல பேருந்துக்குக் கூடுதலாகக் கொடுத்தே ஆக வேண்டும். கடவுச்சீட்டும் பணமும் இருக்கும் சிறிய பையைத் தலைக்கு மேலுள்ள தட்டிலோ காலடியிலோ வைக்காமல் மடியில் வைத்து வாரைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டும். என் நண்பர் காலடியில் வைத்த பையிலிருந்து அவருடைய கேமரா எப்படிப் போனது என்பது விடியும்வரை எங்களுக்குத் தெரியாது. பின்னிருக்கைக்காரர் நடுவழியில் இறங்கியிருந்தார்.

ஆறாம் படி: மூச்சைப் பழக்குவது – அரெகிபாவும் கோல்காவும்

இந்த வழியின் அச்சாணி அரெகிபா. உயரம் சுமார் 2,335 மீட்டர், நம் உதகமண்டலத்தைவிடச் சற்றே அதிகம். ஆகவே மூச்சு வாங்காது, ஆனால் உடம்பு வேலையைத் தொடங்கிவிடும். இங்கே குறைந்தது மூன்று இரவுகள் தங்க வேண்டும். சியார் என்னும் வெள்ளை எரிமலைக் கல்லால் கட்டப்பட்ட நகரம். தெருமுனை ஒவ்வொன்றிலும் 5,822 மீட்டர் உயரமுள்ள மிஸ்தி எரிமலை எட்டிப் பார்க்கும். 1579இல் நிறுவப்பட்ட சாந்த கத்தலீனா கன்னியர் மடம் ஊருக்குள் ஓர் ஊர். நீலமும் செம்மண் நிறமும் பூசிய சந்துகளில் அரை நாள் போவது தெரியாது.

விடுதியில் அறை கேட்கும்போது ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். மத்ரிமோனியால் என்றால் தம்பதியர் படுக்கும் ஒற்றைப் பெருங்கட்டில். நண்பர்கள் இருவர் கேட்க வேண்டியது தோஸ் காமாஸ், அதாவது இரண்டு கட்டில்கள். இணையத்தில் பதிவு செய்துவிட்டு நள்ளிரவில் போய் ஒரே போர்வைக்கு இருவர் இழுபறி நடத்திய பிறகே நாங்கள் இதைக் கற்றோம்.

அரெகிபாவிலிருந்து கோல்காவுக்குப் போகும் சாலை பத்தபம்பா கணவாயில் ஏறத்தாழ 4,900 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. அங்கே வண்டி பதினைந்து நிமிடம் நின்றது. என் பையில் இருந்த பிஸ்கட் பொட்டலம் ஊதிய பலூனைப் போல விறைத்திருந்தது. அதைப் பிரித்ததும் காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. கீழே குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டி நிமிர்ந்த நண்பர், நூறு படி ஏறியவரைப் போல இடுப்பில் கை வைத்து நின்றார். அவ்வளவு உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையின் பாதியைவிடச் சற்றே கூடுதல். ஏறிய வேகத்திலேயே சாலை இறங்கிச் சிவாய் என்னும் ஊரை அடைவதால் பெரும்பாலோர்க்குத் தொல்லை தங்குவதில்லை.

கோல்கா 3,000 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள பள்ளத்தாக்கு. குரூஸ் தெல் கோந்தோர் என்னும் பாறை முனையில் காலை எட்டு மணிக்கு முன்பே போய் நின்றால், வெயில் ஏறிக் காற்று சூடாகி மேலெழும்போது அதைப் பற்றிக்கொண்டு கோந்தோர் கழுகுகள் இறக்கையை அசைக்காமல் எழுந்து வருவதைக் காணலாம். கால் வலுவுள்ளவர்கள் கபனகோந்தே ஊரிலிருந்து சங்கையே என்னும் பள்ளத்தாக்கின் அடிச் சோலைக்கு இறங்கி ஓர் இரவு தங்கி ஏறலாம். ஏறும் உயரம் 1,000 மீட்டருக்கும் மேல். விடியுமுன் கிளம்ப வேண்டும், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும்.

சொரோச்சே என்பது அங்கே உயர நோய்க்குப் பெயர். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை வந்தால் மேலே ஏறாமல் அங்கேயே தங்கித் தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் ஒன்றிரண்டு நாளில் சரியாகும். 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவர்களின் விதி. நடை தள்ளாடுதல், பேச்சுக் குழறுதல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறுதல் ஆகியவை வந்தால் அது வேறு நிலை. இரவானாலும் காத்திராமல் கீழே இறங்க வேண்டும், அதற்கு ஈடான மருந்து இல்லை. நோய் கண்டவர் தமக்கு ஒன்றுமில்லை என்றே சாதிப்பார் என்பதால் உடனிருக்கும் நண்பரின் கண்தான் இங்கு மருத்துவர். தரையில் உள்ள கோட்டின் மேல் குதிகாலும் முன்விரலும் தொடும்படி பத்து அடி நடந்து காட்டச் சொல்லுங்கள். நேராக நடக்க முடியாவிட்டால் வாதத்துக்கு இடமே இல்லை. உயரத்துக்கு உடம்பு பழக உதவும் அசட்டசோலமைடு மாத்திரையை ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு வாங்கிச் செல்லலாம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கோகா இலைத் தேநீர் எங்கும் கிடைக்கும். சட்டப்படி அங்கே குற்றமில்லை. ஆனால் ஓர் இலையைக்கூட ஊருக்குக் கொண்டுவரக் கூடாது. தேநீர்ப் பொட்டலமும் இதில் அடங்கும்.

ஏழாம் படி: குஸ்கோவும் மச்சு பிச்சுவும்

அரெகிபாவிலிருந்து குஸ்கோவுக்குப் பத்து மணி நேரம். தலை கனத்தால் அங்கே தங்காமல் நேரே சுமார் 2,800 மீட்டரில் உள்ள ஒயந்தாய்தம்போவுக்கு இறங்கி, குஸ்கோவைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். குஸ்கோவில் அதூன் ரூமியோக் தெருவில் பன்னிரண்டு கோணக் கல்லைச் சுற்றி எப்போதும் கூட்டம் நிற்கும். அந்த ஒரு கல்லை விட்டுவிட்டுச் சுவர் முழுவதையும் மெதுவாகப் பார்த்துக்கொண்டு போவதே நல்லது. சுண்ணாம்போ சாந்தோ இல்லாமல் பொருத்திய கற்கள் அவை. 1950இல் வந்த நிலநடுக்கத்தில் ஸ்பானியர் கட்டியவை இடிந்தபோதும் அவர்களுக்கு முன் ஆண்ட இன்காக்களின் அடிச்சுவர்கள் நின்றன.

மச்சு பிச்சு குஸ்கோவைவிட ஏறத்தாழ 1,000 மீட்டர் தாழ்வில், 2,430 மீட்டரில் இருக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அங்கே சாலை வழி கிடையாது. ஒயந்தாய்தம்போவிலிருந்து ரயில் உண்டு. அது விலை மிக்கது. நாங்கள் சிற்றுந்தில் ஆறேழு மணி நேரம் சுற்றி இத்ரோஎலெக்த்ரிக்கா என்னும் நீர்மின் நிலையம் வரை போய், அங்கிருந்து தண்டவாளத்தை ஒட்டி சுமார் 10 கிலோமீட்டர் நடந்து மச்சு பிச்சுவின் அடிவார ஊரான அகுவாஸ் காலியெந்தேசை அடைந்தோம். வாழையும் காட்டுப்பூவும் நிறைந்த, பெரும்பாலும் சமதளமான நடை. மூன்று மணி நேரம். மழைக்காலத்தில் மண் சரியும் சாலை என்பதால் அப்போது இதைத் தவிர்க்க வேண்டும்.

நுழைவுச் சீட்டு நேரமும் சுற்றுவழியும் குறித்தே விற்கப்படுகிறது. ஜூன், ஜூலை மாதங்களுக்குப் பல வாரங்கள் முன்பே தீர்ந்துவிடும். படங்களில் நாம் காணும் முழுக் காட்சி எல்லாச் சுற்றுவழிகளிலும் கிடைப்பதில்லை, ஆகவே வரைபடத்தைப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். வாசலில் மூலக் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஹைரம் பிங்கம் 1911இல் இங்கு வந்ததைக் கண்டுபிடிப்பு என்று எழுதுவது வழக்கம். அவர் வந்தபோது அந்தப் படிக்கட்டு வயல்களில் உழவர் குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன.

மரக்கறி உண்பவர்களுக்கு ஒரு சொல். சின் கார்னே என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். ஆனால் அங்கே கார்னே என்றதும் மாட்டிறைச்சியே நினைவுக்கு வருவதால் கோழி போட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். கோழியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்பதற்கு நி போயோ, நி பெஸ்காதோ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கினோவா சூப், பாலாடைக்கட்டியோடு வேகவைத்த பெரிய மணிச் சோளம், மஞ்சள் மிளகாய்ச் சாற்றில் உருளைக்கிழங்கைப் போட்ட பாப்பா அ லா வாங்காயினா ஆகியவை எங்கும் கிடைக்கும். ரொகோத்தோ மிளகாய் பார்வைக்குக் குடைமிளகாய் போல இருக்கும். அதை நம்பிக் கடித்த என் நண்பருக்கு ஆந்திரச் சாப்பாடு ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. சான் பெத்ரோ சந்தையில் உருளைக்கிழங்கும் மிளகாயும் மரவள்ளியும் நிலக்கடலையும் குவிந்து கிடப்பதைப் பார்க்கும்போது நம் வீட்டுச் சமையலறையின் பாதி இந்தக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது என்பது கண்முன் தெரியும்.

எட்டாம் படி: ஏரியைக் கடந்து பொலிவியாவுக்கு

குஸ்கோவிலிருந்து ஆறேழு மணி நேரத்தில் புனோ. தித்திகாக்கா ஏரியின் மட்டமே 3,812 மீட்டர். கரையோரத்து ஊரோஸ் நாணல் தீவுகள் இப்போது பெரும்பாலும் சுற்றுலாக் காட்சியாகிவிட்டன. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் தக்கீலே தீவுக்குப் போய் ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்குவதே நிறைவு தரும். அங்கே ஆண்கள் நடந்துகொண்டே குல்லாய் பின்னுவார்கள். குல்லாயின் நிறத்தைக் கொண்டு மணமானவரா இல்லையா என்று தெரிந்துகொள்ளலாம். அவ்வளவு உயரத்தில் தண்ணீர் 87 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதால் சோறு வேக நேரமாகும்.

புனோவிலிருந்து கோபகபானா போகும் வழியில் எல்லையில் பேருந்திலிருந்து இறங்கி, பெருவின் வெளியேற்ற முத்திரையை முதலில் வாங்கிக்கொண்டு, நடந்துபோய்ப் பொலிவிய முத்திரையை வாங்க வேண்டும். அவசரத்தில் முதல் முத்திரையை விட்டுவிட்டால் மீண்டும் பெருவுக்குள் நுழையும்போது சிக்கல். கோபகபானாவுக்கு அப்பால் தீகினா நீரிணையில் பேருந்து ஒரு மரத் தெப்பத்தில் ஏறித் தள்ளாடிக்கொண்டு போகும். பயணிகள் தனிப்படகில் போக வேண்டும். கடவுச்சீட்டையும் பணத்தையும் பேருந்தில் விட்டுவிட்டு இறங்கக் கூடாது.

லா பாஸ் ஒரு கிண்ணத்துக்குள் கொட்டிய நகரம். 2014இல் தொடங்கிய மி தெலெஃபெரிக்கோ என்னும் கம்பிவடப் பெட்டிகள் அங்கே உல்லாசத்துக்கு அல்ல, அலுவலகம் போவதற்கு. 4,000 மீட்டருக்கும் மேலே உள்ள எல் ஆல்தோவுக்குச் சிவப்புத் தடத்தில் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும். சாதாரண உடையில் வந்து தம்மைக் காவலர் என்று சொல்லிப் பையைச் சோதிக்கக் கேட்பவர்களிடம் எதையும் கொடுக்காமல், காவல் நிலையத்துக்கு நடந்தே போகலாம் என்று சொல்ல வேண்டும். இரு நாடுகளிலும் போராட்டக்காரர்கள் நெடுஞ்சாலையைக் கல்லும் மரமும் போட்டு அடைப்பது வழக்கம். ப்ளொகேயோ என்ற சொல் காதில் விழுந்தால் அன்றைய திட்டம் முடிந்தது என்று பொருள். நாங்கள் லா பாஸில் இரண்டு நாள் அப்படிக் கிடந்தோம். திரும்பும் விமானத்துக்கு முன் மூன்று நாளாவது கையில் வைத்திருக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: கடலுக்கு இறங்குவது

சிலி விசா இல்லாதவர்கள் லா பாஸிலிருந்து விமானத்தில் லிமா திரும்பலாம். இருப்பவர்கள் காலைப் பேருந்தில் அரிகாவுக்குப் போக வேண்டும். எல்லைக் கணவாய் 4,600 மீட்டருக்கும் மேல். அதைத் தாண்டியதும் பனிமூடிய பரினாகோத்தா எரிமலையும் அதன் அடியில் சுங்கரா ஏரியும் தெரியும். வண்டியின் வலப்பக்கமா இடப்பக்கமா என்று சண்டையிடாமல் நடுவழியில் இருக்கை மாற்றிக்கொள்ளலாம். சிலியின் எல்லையில் பழம், விதை, பால்பொருள், கோகா இலை எதுவும் பையில் இருக்கக் கூடாது. இருந்து சொல்லாவிட்டால் அபராதம். எங்களிடம் இருந்த இரண்டு ஆப்பிள்களை வரிசையில் நின்றபடியே தின்று தீர்த்தோம்.

பிறகு நான்கு மணி நேரம் இறக்கம்தான். காது அடைத்து அடைத்துத் திறக்கும். கணவாயில் உப்பி நின்ற பொட்டலங்கள் தளரும். மேலே குடித்துவிட்டு மூடி வைத்த வெற்றுத் தண்ணீர்ப் புட்டி கசங்கிச் சுருங்கிவிடும். அரிகாவில் ஆண்டு முழுவதும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் மழைகூடப் பெய்வதில்லை. இந்தக் கரையில் கிடைத்த சிஞ்சோரோ பதனுடல்கள் எகிப்தின் மம்மிகளுக்கு முந்தியவை, ஏறத்தாழ 7,000 ஆண்டுப் பழமை உடையவை. ஊரை அடுத்த அசாப்பா பள்ளத்தாக்கின் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். மோர்ரோ என்னும் கடலோரக் குன்றின் மேல் ஏறினேன். மூச்சு வாங்கவே இல்லை.

அரிகாவிலிருந்து பெருவின் தக்னாவுக்குப் பங்குக் கார்கள் ஓடுகின்றன. எல்லைச் சோதனையோடு ஒன்றரை மணி நேரம். இரு நாட்டுக் கடிகாரங்களும் ஒன்றல்ல என்பதால் தக்னாவில் விமானம் பிடிக்கிறவர்கள் பெரு நேரத்தைக் கைக்கடிகாரத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். லிமா விமான நிலையத்தில் பொதுப் பையை மேசையில் கொட்டி எண்ணினோம். 46 சோல் மிச்சம் இருந்தது, இரண்டு காப்பியும் ஒரு பொட்டலம் வறுத்த சோளமும் வாங்கினோம். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழைப் பெரிய பைக்குள் போட்டு விமானத்தின் அடியில் அனுப்பிவிடாமல் கடவுச்சீட்டோடு கையில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்திய விமான நிலையத்தில் குடியேற்றச் சோதனைக்கு முன்பே சுகாதார மேசையில் அதைத்தான் கேட்பார்கள்.